பட்டது மரம்தான்

ஒரு காட்டில் ஒரு மரங்கொத்தி இருந்தது என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் பிள்ளைகளே, இந்தக் கதை நடந்த நாளில் அந்தக் காடே பாதிதான் இருந்தது. கடலிலிருந்து ஒரு புயல் வந்து, விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை நின்று ஆடிவிட்டுப் போயிருந்தது. பல மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. சாயாத மரங்களுக்குத் தலை இல்லை. தலை இருந்த மரங்களில் இலை இல்லை. அப்படி மிச்சமிருந்த காட்டில் ஒரு மரங்கொத்தி இருந்தது.

அவள் பெயர் தச்சாயி. பொன் நிற முதுகு, சிவப்புக் கொண்டை, உளி மாதிரி மூக்கு. அந்த வட்டாரத்தில் கிளி குடியிருந்த பொந்து, மைனா குடியிருந்த பொந்து, ஆந்தை தூங்கிய பொந்து எல்லாம் அவளும் அவள் வீட்டாரும் குடைந்தவைதான். அவளுக்கு வேலையும் சூடு, வாயும் சூடு.

அவள் கணவன் கொத்தமுத்து. நல்லவன். ஆனால் எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழியைத் தேடிப் பிடித்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பான். புயலன்று ஒரு கிளை ஒடிந்து அவன் இடது காலில் விழுந்துவிட்டது. ஒற்றைக் காலால் மரத்தைப் பிடித்துக்கொண்டு கொத்த முடியுமா? அதனால் வீட்டோடு இருந்து குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டான். குஞ்சுகள் இரண்டு. இரண்டுக்கும் இன்னும் பறக்க வராது. பசிக்க மட்டும் நன்றாக வரும்.

வீடு என்பது ஆற்றங்கரை மருத மரத்தில் ஒரு பொந்து. மரத்தின் மேல்பாதி முறிந்து ஆற்றோடு போய்விட்டது. கீழ்ப்பாதி பொந்தோடு நின்றது. நின்று என்ன செய்ய, மரம் பட்டுப்போய்விட்டது.

இங்கேதான் ஒரு சங்கடம். அந்தக் காட்டு மரங்கொத்திகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு மரம் பட்டுவிட்டால் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், அதில் யாரும் மூக்கு வைக்கக் கூடாது. இத்தனை காலம் இடம் கொடுத்த மரம் இல்லையா, அதற்குத் துக்கம் காக்க வேண்டுமாம். நல்ல நாளில் காட்டில் ஒரு மரம் படும், இரண்டு மரம் படும். அதற்குத் துக்கம் காத்துக்கொண்டே பக்கத்து மரத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம். இப்போது காடு முழுக்கத் துக்க வீடாகிவிட்டது.

பச்சை இருந்த மரங்கள் ஏழே ஏழு. தச்சாயி அந்த ஏழையும் சுற்றிச் சுற்றி வந்தாள். எறும்புகளை மழை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. கிடைத்த நாலு எறும்பைக் கொண்டுவந்து குஞ்சுகளின் வாயில் போட்டுவிட்டு, "நான் அங்கேயே சாப்பிட்டுட்டேன்" என்பாள். அது பொய் என்று கொத்தமுத்துவுக்குத் தெரியும். பசியே இல்லை என்று அவனும் ஒரு பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். ஒரு நாள் கொம்பேறிமூக்கன் பாம்பு ஒன்று மருத மரத்தில் ஏறியது. எதிரே நாவல் மரத்தில் இருந்த தச்சாயி அதைப் பார்த்துவிட்டாள். கத்தவில்லை. கத்தினால் குஞ்சுகள் தலையை வெளியே நீட்டும். நாவல் மரத்தில் மூக்கால் தட்டினாள்.

டொக்... டொக்... டொக்டொக்டொக்.

பொந்துக்குள் இரண்டு குஞ்சுகளும் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டன. மூச்சுக் காட்டவில்லை. பாம்பு எட்டிப் பார்த்தது, இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாமல் இறங்கிப் போனது. பிறகு தச்சாயி வேறு மாதிரித் தட்டினாள்.

டொக்டொக்... டொக்டொக்.

குஞ்சுகள் வெளியே எட்டிப் பார்த்து வாயைத் திறந்தன. முதல் தட்டுக்குப் பொருள், ஆபத்து, பதுங்கு. இரண்டாம் தட்டுக்குப் பொருள், ஆபத்து போச்சு, வெளியே வா. மரங்கொத்திகள் முட்டைக்குள் இருக்கும்போதே கேட்டுப் பழகுகிற தட்டுகள் இவை. மற்றவர்களுக்கு வெறும் சத்தம்.

புயல் போய் இருபத்தெட்டாம் நாள் கொண்டலாத்தி வந்தார்.

ஒரு பறவையை "வந்தார்" என்கிறேனே என்று பார்க்கிறீர்களா? அந்தக் காட்டில் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அவரும் இங்கே ஈர மண்ணைக் கிளறிப் புழு தின்றவர்தான். கடல் தாண்டிப் போய்வந்த பிறகு கொண்டையார் ஆகிவிட்டார். தலையிலிருக்கும் கொண்டையை விசிறி மாதிரி விரிப்பார், மடக்குவார், பிறகுதான் பேசுவார். வெள்ளம் வந்தால் வருவார், புயல் வந்தால் வருவார். காடு நன்றாக இருக்கிற காலத்தில் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

சாய்ந்து கிடந்த ஓர் ஆலமரத்தின் மேல் ஏறி நின்று அவர் சொன்னார்: "காடு பட்டுப்போச்சு."

"பட்டுப்போச்சு, பட்டுப்போச்சு" என்றது கிளி. யார் எதைச் சொன்னாலும் அதைத் திருப்பிச் சொல்வது அதன் குணம்.

"ஐயையோ, இனி என்ன பண்ணுவோம்?" என்றது மைனா. எதைக் கேட்டாலும் பயப்படுவது அதன் குணம்.

"பயப்படாதீங்க, நான் எதுக்கு இருக்கேன்? கடலுக்கு அந்தப் பக்கம் வௌவால் தீவு இருக்கு. அங்கே ஆயிரம் வௌவால் முதலாளிங்க. அவங்களுக்குப் பாடுறதுக்கு ஆள் வேணும், பேசுறதுக்கு ஆள் வேணும், முக்கியமா மரம் குடையறதுக்கு ஆள் வேணும். முகத்துவாரத்துல ஒரு பெரிய கட்டை மிதக்குது. நாளைக்கு உச்சிப் பொழுதுக்குத் தண்ணி வடியும்போது கட்டை கிளம்பும். வர்றவங்க ஏறிக்கலாம்."

"இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு சொல்லுவாங்களே" என்று மைனா இழுத்தது.

கொண்டையார் கொண்டையை விரித்தார். "இக்கரையில பச்சையே இல்லையேம்மா. அப்புறம் எதோட எதை ஒப்பிடுறது?"

மைனாவுக்கு அது நியாயமாகப் பட்டது. கிளிக்கும் அப்படியே பட்டது.

கூட்டம் கலைந்ததும் கொண்டையார் நேராக மருத மரத்துக்கு வந்தார். அவருக்கு வேண்டியது கிளியும் மைனாவும் அல்ல. அந்தக் காட்டில் மிச்சமிருந்த ஒரே மரங்கொத்திக் குடும்பம் இதுதான்.

"தங்கச்சி, சௌக்கியமா?"

"பார்த்தா எப்படித் தெரியுது?" என்றாள் தச்சாயி. "எங்க அண்ணன் எப்படி இருக்கான்? அதை முதல்ல சொல்லுங்க."

அவள் அண்ணன் உளியன் மூன்று வருஷத்துக்கு முந்தைய வெள்ளத்தில் இதே கொண்டையாரின் கட்டையில் ஏறிப் போனவன். போனவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

"உளியனா? மெத்தச் சுகம். வாயைத் திறந்து பேச நேரமில்லை, அவ்வளவு வேலை."

"மாசம் ஒரு இலை மடிப்புல எறும்பு முட்டை கட்டி அனுப்புவான்னு சொன்னீங்க. ஒரு மடிப்பும் வரலையே?"

"அனுப்பினான், அனுப்பினான். காத்து சரியில்லை" என்றார் கொண்டையார். "அதை விடு. உன் பிள்ளைங்களைப் பாரு. கழுத்து எலும்பு தெரியுது. நீ மட்டும் வா. உன் வீட்டுக்காரர் இங்கே பிள்ளைங்களைப் பார்த்துக்கட்டும். நீ அங்கிருந்து அனுப்பு. இங்கே கிடந்து எல்லாரும் சாகிறதுக்கு அங்கே போய் ஒருத்தி உழைக்கிறது மேல் இல்லையா? யோசிச்சு வை, காலையில வர்றேன்."

அவர் பறந்து போனார். கொத்தமுத்து நொண்டி நொண்டி அவள் பக்கத்தில் வந்தான்.

"பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்னு சும்மாவா சொன்னாங்க?"

"என்னங்க, இப்போ உங்க காலைச் சொல்றீங்களா, நம்ம குடியைச் சொல்றீங்களா?"

"ரெண்டையும்தான் புள்ள. என் கால் சரியா இருந்தா நான் போவேன். உன்னைப் போன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. போகாதேன்னு சொல்லவும் வரலை."

தச்சாயி உள்ளே எட்டிப் பார்த்தாள். குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. காலையில் இருந்து அவை கத்தவில்லை. பசித்த குஞ்சு கத்தினால் தாய்க்குக் கவலை இல்லை. கத்தாமல் இருந்தால்தான் கவலை.

"போறேன்" என்றாள். "கொஞ்ச நாள்தானே. அதுங்களுக்கு நல்லாப் பறக்க வர்றதுக்குள்ள திரும்பிடுவேன்."

பிள்ளைகளே, அவள் மனசார முடிவு பண்ணிவிட்டாள். அதில் ஒரு தப்பும் இல்லை. வயிற்றுப்பாட்டுக்காகக் கடல் தாண்டுகிறவர்களைக் குறை சொல்ல நான் யார், நீங்கள் யார்?

மறுநாள் வெயில் ஏறும் முன்பே கொண்டையார் வந்தார். "புறப்பட்டாச்சா? நல்லது. ஒரு சின்ன வேலை இருக்கு, முடிச்சிடுவோம். சிறகை விரி."

"எதுக்கு?"

"பக்கத்துக்கு மூணு நீள இறகு. அதை நான் பிடுங்கிப் பத்திரமா வெச்சிருப்பேன். தீவோட வழக்கம். எல்லாரும் கொடுக்கிறதுதான், உன் அண்ணனும் கொடுத்தான்."

"நீள இறகைப் பிடுங்கினா நான் எப்படிப் பறப்பேன்?"

"எதுக்குப் பறக்கணும்? கட்டையிலதானே போறோம். அங்கே போனா ஒரே மரத்துல வேலை, அதே மரத்துல தூக்கம்."

தச்சாயி தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள். "வால் இறகு?"

"சேச்சே, வால் இருக்கட்டும். மரத்துல முட்டுக்கொடுத்து நின்னு வேலை செய்ய வால் வேணுமே. மூக்கும் இருக்கட்டும்."

"அப்போ என் மூக்கு வேணும். என் வால் வேணும். என் சிறகு மட்டும் வேண்டாம்."

"வேண்டாம்னு யார் சொன்னது? பத்திரமா வைக்கத்தான் கேட்கிறேன்."

"அதுதான் என் உடம்புல பத்திரமா இருக்கே ஐயா. முட்டையை விட்டு வந்ததிலிருந்து ஒரு நாள்கூடக் காணாமப் போகலை."

கொத்தமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது, பயத்தில் அடக்கிக்கொண்டான். கொண்டையாருக்கோ கொண்டை தானாக மடங்கியது. வந்த வேலை கெட்டுப்போகும் போல இருந்தது. உடனே அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, மறந்தே போனேன் பாரு. உன் அண்ணன் ஒரு சேதி கொடுத்தான். நான் கிளம்பும்போது கூப்பிட்டு, எங்க வீட்டாளுங்க யாராவது தயங்கினா இதைத் தட்டிக் காட்டுங்க, எங்க வீட்டு வழக்கம், இதைக் கேட்டா என்ன செய்யணும்னு அவங்களுக்குத் தெரியும்னு சொன்னான். மூணு நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்தான்னா பார்த்துக்கோயேன், எவ்வளவு பாசம்."

சொல்லிக்கொண்டே அவர் மருத மரத்தின் மேல் உட்கார்ந்தார்.

"ஐயா, அங்கே மூக்கு வைக்காதீங்க, மண்டலம் முடியலை" என்று கொத்தமுத்து பதறினான்.

"எனக்கேதுப்பா உங்க மண்டலம்?" என்று சொல்லிவிட்டுக் கொண்டையார் தம் மெல்லிய மூக்கால் பட்ட மரத்தில் தட்டினார்.

டொக்... டொக்... டொக்டொக்டொக்.

பொந்துக்குள் இரண்டு குஞ்சுகளும் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டன. மூச்சுக் காட்டவில்லை.

தச்சாயி குஞ்சுகளைப் பார்த்தாள். கொத்தமுத்துவைப் பார்த்தாள். அவனும் பார்த்துவிட்டான். மூன்று வருஷம் சேதி அனுப்ப முடியாதவன், தன்னை அடைத்து வைத்தவன் மூக்கிலேயே சேதியை ஏற்றி அனுப்பியிருக்கிறான். ஆபத்து, பதுங்கு. தச்சாயியின் கண் கலங்கியது. அண்ணன் சுகமாக இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கொண்டையாருக்கு அது வேறு மாதிரிப் பட்டது. "பார்த்தியா, கண்ணு கலங்குது. கூடப்பிறந்த பாசம்னா சும்மாவா?"

"இன்னொரு தரம் தட்டுங்க ஐயா" என்றாள் தச்சாயி. "காது குளிரக் கேட்கிறேன்."

அவர் இன்னும் அழுத்தித் தட்டினார். இந்தத் தடவை தச்சாயி மரத்தோடு ஒட்டி நின்றாள். தட்டு ஓய்ந்த பிறகு மரத்துக்குள் வேறு ஒரு சத்தம் கேட்டது. நற, நற, நற. தூக்கம் கெட்டுப்போன எதுவோ புரண்டு படுக்கிற சத்தம். மரங்கொத்திக்கு அந்தச் சத்தம் சாப்பிடக் கூப்பிடுகிற மணி மாதிரி. பட்ட மரத்துக்குள் வண்டுப் புழு வைத்திருக்கிறது. ஒன்றல்ல, பத்தல்ல, சுவர் நெடுகப் புழு. இருபத்தெட்டு நாளாகப் பட்டினி கிடந்தது ஒரு சாப்பாட்டுப் பானைக்குள் உட்கார்ந்துகொண்டுதான்.

யாராவது தட்டியிருந்தால்தானே தெரியும்? துக்கம் காத்தவர்கள் தட்டவில்லை. துக்கமே இல்லாத ஒருவர் வந்து தட்டிவிட்டார்.

தச்சாயி ஒன்றையும் வெளியே காட்டவில்லை. "ஐயா, அண்ணன் இவ்வளவு சொல்லி அனுப்பியிருக்கான். நான் பதில் சொல்லாம இருக்கலாமா? இதைக் கேட்டுக்கோங்க." பக்கத்து நாவல் மரத்துக்குப் போய்த் தட்டினாள்.

டொக்டொக்... டொக்டொக்.

"இதை அவன் காதுல விழற மாதிரி தட்டுங்க. இதைக் கேட்டா அவன் ரெண்டு பங்கு வேலை செய்வான்."

"ரெண்டு பங்கா?" கொண்டையாரின் கொண்டை முழுசாக விரிந்தது. உடனே தட்டிப் பழகினார். ஒரு தடவை பிசகினார், தச்சாயி திருத்தினாள். மறு தடவை அச்சாக வந்தது. பொந்திலிருந்து இரண்டு குஞ்சுகளும் எட்டிப் பார்த்து வாயைத் திறந்தன. அவை ஏன் அப்படிச் செய்தன என்று கேட்கக் கொண்டையாருக்கு நேரமில்லை.

"சரி, பொழுதாகுது. சிறகை விரி தங்கச்சி."

தச்சாயி விரித்தாள். ஆனால் அவருக்கு நீட்டுவதற்கு அல்ல. ஒரு வீச்சில் பறந்து மருத மரத்தின் உச்சிக்குப் போய் நின்றாள். "நான் வரலை."

"என்னது?"

"நான் வரலைன்னேன். வேலைக்குக் கூப்பிடுறவன் என் மூக்கைக் கேட்கலாம், என் நேரத்தைக் கேட்கலாம். சிறகைக் கேட்டா அது வேலை இல்லை, கூண்டு."

கொண்டையார் இதுவரை பேச்சில் பூசியிருந்த தேனெல்லாம் வழிந்துபோனது. "திமிரா? இந்தப் பட்டுப்போன காட்டுல என்னத்தைத் தின்னு பிழைப்பே? மிஞ்சினா ஒரு மாசம். உன் பிள்ளைங்க செத்ததும் என்னைத் தேடுவே, நான் இருக்க மாட்டேன்."

"பட்டது மரம்தான் ஐயா. நான் படலை."

சொல்லிவிட்டு அவள் மூக்கை ஓங்கினாள்.

"ஏ புள்ள, மண்டலம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு" என்றான் கொத்தமுத்து. "நம்ம வம்சத்துல யாரும் செய்யாதது."

"என்னங்க, மரம் செத்தா நாம துக்கம் காக்கிறோம். நாம செத்தா இந்த மரமா நமக்குத் துக்கம் காக்கும்? அதுக்கு வாயிருந்தா இந்நேரம் அதுவே தின்னுங்கடின்னு சொல்லியிருக்கும்."

கொத்தமுத்து வழக்கம்போல ஒரு பழமொழியைத் தேடினான். இந்த இடத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "அப்போ கொத்து" என்றான்.

அவள் கொத்தினாள். மூன்றாம் கொத்தில் பட்டை பெயர்ந்தது. ஐந்தாம் கொத்தில் ஒரு வெள்ளைப் புழு, விரல் தடிமன், நெளிந்துகொண்டு வந்தது. அதை அவள் முதல் குஞ்சுக்குக் கொடுத்தாள். அடுத்ததை இரண்டாம் குஞ்சுக்கு. அதற்கடுத்ததைக் கொத்தமுத்துவின் வாயில் திணித்தாள், அவன் பேசுவதற்கு முன்பே. நான்காவது புழுவைத் தின்றபோதுதான் அவளுக்கே அழுகை வந்தது. பசி அடங்கும்போது வருகிற அழுகை அது, நன்றாக அழுதுவிட்டாள்.

அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு முகத்துவாரத்துக்குப் பறந்தாள்.

அங்கே கட்டை மிதந்துகொண்டிருந்தது. கிளியும் மைனாவும் இன்னும் சிலரும் கரையில் வரிசையாக நின்றார்கள். கொண்டையார் அவசர அவசரமாக, "சிறகை விரிங்க, சிறகை விரிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிளியும் "சிறகை விரிங்க" என்று சொல்லிக்கொண்டே தன் சிறகை விரித்தது.

தச்சாயி கரையில் நின்ற ஒரு மொட்டை மரத்தில் இறங்கினாள். "ஏம்மா மைனா, உனக்கு இப்போ என்ன குறை?"

"பொந்து இல்லையே அக்கா. எங்கே முட்டை வைப்பேன்?"

"இந்தக் காட்டுல பட்ட மரம் எத்தனைன்னு எண்ணிப் பார்த்தியா? குடையறதுக்குப் பச்சை மரத்தை விடப் பட்ட மரம்தான் வாகு. உள்ளே இருக்கிற புழு எனக்கு. பொந்து உங்களுக்கு. கட்டையில ஏறணும்னு ஆசைப்படுறவங்க ஏறுங்க, நான் பிடிச்சு இழுக்க மாட்டேன். ஆனா இறகைக் கொடுத்துட்டு ஏறாதீங்க. எங்க அண்ணன் கொடுத்துட்டுத்தான் மூணு வருஷமா மாட்டிக்கிட்டிருக்கான். அவனே சேதி சொல்லி அனுப்பிட்டான்."

"யார்கிட்ட சொல்லி அனுப்பினான்?" என்றார் கொண்டையார்.

"உங்ககிட்டதான்" என்றாள் தச்சாயி.

கொண்டையாருக்கு ஒன்றும் புரியவில்லை. மைனாவுக்கு வேறு ஒரு பயம் வந்துவிட்டது. "அக்கா, நீ குடைஞ்சு கொடுத்த பிறகு மறுபடியும் புயல் வந்தா?"

"வந்தா மறுபடியும் குடைவேன்."

"அதுக்கப்புறமும் வந்தா?"

"புயலுக்கு அலுக்கிறதா, எனக்கு அலுக்கிறதா பார்ப்போம்."

மைனா விரித்த சிறகை மடக்கிக்கொண்டது. "மறுபடியும் குடைவேன், மறுபடியும் குடைவேன்" என்றது கிளி. வாழ்நாளில் முதல் தடவையாக அது உருப்படியான ஒன்றைத் திருப்பிச் சொன்னது.

அதே நேரத்தில் இரண்டு தகைவிலான் குருவிகள் தலைக்கு மேல் கடலைப் பார்த்துப் பறந்தன. அவை வருஷா வருஷம் போய்விட்டு வருகிறவை. "போறீங்களா?" என்று தச்சாயி அண்ணாந்து கேட்டாள். "போறோம், வந்துடுவோம்" என்றன அவை. "சிறகோட போறீங்க, நல்லாப் போய்ட்டு வாங்க" என்றாள்.

உச்சிப் பொழுதுக்குத் தண்ணீர் வடிந்தது. கட்டை கிளம்பியது. அதில் கொண்டையார் மட்டும்தான் இருந்தார். வெறுங்கையோடு போனால் முதலாளிகள் முறைப்பார்களே, உளியனிடமாவது இரண்டு பங்கு வேலை வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு, மறந்துவிடாமல் இருக்கக் கட்டையிலேயே தட்டிக்கொண்டு போனார். டொக்டொக்... டொக்டொக். கட்டை கண்ணுக்கு மறையும் வரை அந்தச் சத்தம் கேட்டது.

அதன் பிறகு தச்சாயிக்கு ஓய்வில்லை. காலையில் ஒரு மரம், மாலையில் ஒரு மரம். குஞ்சுகள் பறக்கப் பழகி, கொத்தப் பழகின. கொத்தமுத்துவின் கால் கோணலாகத்தான் கூடியது. அந்தக் கோணல் காலால் சாய்ந்து நின்று ஒரு தினுசாகக் கொத்துவான், பொந்தும் கோணலாகத்தான் வரும். ஆந்தைக்கு அந்தக் கோணல் பொந்துதான் பிடித்தது. பகல் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்காதாம். பட்ட மரங்களின் அடியில் துளிர்களும் கிளம்பின. மழைக்காலம் ஒன்று வந்தது, போனது.

மழை ஓய்ந்த ஒரு காலையில் தச்சாயி பொந்துக்குள் இருந்தாள். வெளியே யாரோ மருத மரத்தில் தட்டினார்கள்.

டொக்டொக்... டொக்டொக்.

குஞ்சுகள் விளையாடுகின்றன என்று நினைத்தாள். திரும்பினால் இரண்டும் அவள் பக்கத்திலேயே இருந்தன. கொத்தமுத்துவும் உள்ளேதான் இருந்தான். மறுபடியும் கேட்டது. மெல்லிய மூக்கின் தட்டு அல்ல அது. உளி மூக்கின் தட்டு.

வெளியே எட்டிப் பார்த்தாள். உளியன் மரத்தில் தொங்கிக்கொண்டு நின்றான். இளைத்திருந்தான். பாதி உடம்பு சேறு. ஆனால் இரண்டு பக்கமும் மூன்று மூன்று நீள இறகு முழுசாக இருந்தன.

"முளைக்க முளைக்கப் பிடுங்குவாங்க தச்சாயி" என்று அவன் சொன்னான். "ஒரு நாள் அந்தக் கொண்டலாத்தி வந்து என் காதுகிட்டயே வெளியே வான்னு தட்டிச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அன்னையிலிருந்து முளைக்கிற இறகு மேல சேறு பூசி முதுகோட ஒட்டி வெச்சுக்கிட்டேன். தலைகீழாத் தொங்குற முதலாளிங்களுக்கு எது மேல, எது கீழன்னே தெரியலை. அப்புறம் ஒரு நாள் பறந்தேன். மிதக்கிற கட்டை எல்லாத்துலயும் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தேன்."

"நீ ரெண்டு பங்கு வேலை செய்வேன்னு அவர்கிட்டச் சொல்லியிருந்தேன்" என்றாள் தச்சாயி.

"செஞ்சேனே. ஒரு பங்கு அவனுங்களுக்கு, ஒரு பங்கு என் சிறகுக்கு."

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். மொட்டை மரம் ஒவ்வொன்றிலும் பொந்து. பொந்து ஒவ்வொன்றிலும் ஒரு தலை. ஒன்றில் கிளி, ஒன்றில் மைனா, ஒரு கோணல் பொந்தில் ஆந்தை.

"காடு பட்டுப்போச்சுன்னு அந்த ஆள் அங்கே எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கானே" என்றான்.

"பட்டுத்தான் போச்சுண்ணே. அதனாலதான் எனக்கு மூக்குகொள்ளாத வேலை" என்றாள் தச்சாயி. "நல்ல நேரத்துல வந்தே. முதல்ல சாப்பிடு. அப்புறம் அந்த இலுப்பை மரத்துல நீ ஆரம்பி."

நீதி: ஊரை விட்டு ஊர் போகலாம், சிறகைக் கொடுத்துவிட்டு மட்டும் போகக் கூடாது.